அர்ஜுனன் கடையம்மா

காஞ்சிபுரம்
12-11-73

அன்புத் தம்பி அர்ஜுனனுக்கு அக்கா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நான் திடமாக இருக்கிறேன். நீயும் பட்டம்மாளும் அலமுவும் சௌக்கியந்தானே? பிலாயில் குளிர் தொடங்கியிருக்கும். உன் வயிற்றுப் பொருமல் எப்படி இருக்கிறது? சுக்குப் பொடி தீர்ந்திருந்தால் எழுது, இடித்து அனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் சத்திரத்துக் கடைத்தெரு செத்துப் பிழைத்ததை வியாபாரிகள் சங்கம் விழா வைத்துக் கொண்டாடப்போகிறது. வைகாசி கருடசேவைக் கூட்டம் வருவதற்கு முன்னால் விழா. தெருவைத் தூக்கி நிறுத்தியவர்களுக்குப் பொன்னாடை, மாலை, பெயர் பொறித்த கேடயம். முதல் விருது நம் கடைக்குத்தான் என்று சங்கத்துச் செயலாளர் மாணிக்கவாசகம் வந்து சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்லாவில் இருந்து எழுந்து நின்றேவிட்டேன். அப்புறம் அவர் தீர்மானத்தைப் படித்தார். "கடைத்தெருவின் புத்துயிர்ப்புக்கு முதற்காரணமான திரு. அர்ஜுனன் அவர்கள்."

"இன்னா சார் இது? அவன் பிலாய்க்குப் போயி எத்தினி வருசம் ஆவுது!" என்றேன்.

"போர்டுல அந்தப் பேருதானம்மா இருக்குது? சங்கத்துல மெம்பரும் அவருதான். அவரு ஒரு வரி எழுதிக் குடுத்தா மாத்திக்கலாம்" என்றார்.

நீ பிறந்த வருஷம் அப்பா மாகறலிலிருந்து வந்து இந்த நாட்டு மருந்துக் கடையை வைத்தார். ஆண்பிள்ளை பெயர் வைத்தால்தான் வியாபாரம் விளங்கும் என்று உன் பெயரை எழுதினார். அது உன் தப்பில்லை. ஆனால் இந்தத் தெருவில் எனக்குப் பெயர் 'அர்ஜுனன் கடையம்மா'. பெரியநாயகி என்று ஒரு பெயர் எனக்கு இருப்பதே இங்கே யாருக்கும் தெரியாது. கேட்டவர்களும் இல்லை.

எனக்கு அந்த விருது வேண்டும். வெட்கப்படாமல் கேட்கிறேன். என் பெயரை ஒரு தரம் மைக்கில் கூப்பிட்டு என் காதால் கேட்க வேண்டும். நீ சங்கத்துக்கு ஒரு கடிதம் போடு. செய்தது என் அக்கா என்று எழுது, போதும்.

அலமுவுக்கு என் ஆசி.

இப்படிக்கு
அக்கா


பிலாய்
30-11-73

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி அர்ஜுனனின் வணக்கம். இங்கு மூவரும் சுகம். உன் மூட்டு வலி தேவலையா? குளிரில் விடியற்காலை எழுந்து தெருவெல்லாம் தண்ணீர் தெளிக்காதே என்றால் கேட்கவா போகிறாய்!

உன் கடிதத்தைப் படித்து நானும் பட்டம்மாளும் விழுந்து விழுந்து சிரித்தோம். தெருவைப் பெருக்க உங்களை இங்கிருந்து நான் விடவே இல்லையே என்று அவள் என்னைக் கேலி செய்கிறாள். பாவம் மாணிக்கவாசகம், போர்டைப் பார்த்து விருது கொடுக்கிறவர் இந்த உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். கவலையை விடு. இந்த வாரமே எழுதிப் போட்டுவிடுகிறேன்.

அலமுவுக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். நம் பக்கத்துப் பையனாகவே இருந்தால் தேவலை என்கிறாள் பட்டம்மாள். சுக்குப் பொடி தீர்ந்துவிட்டது. கொஞ்சம் ஓமமும் சேர்த்து அனுப்பு.

அன்புத் தம்பி
அர்ஜுனன்


காஞ்சிபுரம்
27-12-73

தம்பி அர்ஜுனனுக்கு ஆசிகள். நான் நலம். மார்கழி என்பதால் விரல் மட்டும் விறைத்துப்போகிறது. பொடியும் ஓமமும் பார்சலில் அனுப்பினேன், வந்ததா?

உன் கடிதம் சங்கத்துக்கு வரவில்லையாம். மாணிக்கவாசகத்தை இரண்டு தரம் கேட்டுவிட்டேன். "தபால் வந்தா நான் சொல்ல மாட்டனாம்மா?" என்று கடிந்துகொள்கிறார். தபாலில் தவறிப்போயிருக்கலாம். இன்னொன்று போட்டுவிடு.

அலமுவின் ஜாதகம் ஒரு பிரதி எனக்கும் அனுப்பு. நானும் நாலு பேரிடம் சொல்லிவைக்கிறேன்.

அக்கா


பிலாய்
24-1-74

அன்புள்ள அக்காவுக்கு, பொங்கல் வாழ்த்து தாமதமாகச் சொல்கிறேன். எல்லோரும் நலம். உன் சுகத்துக்கு எழுது. பொடி வந்தது. வயிறு சொன்னபடி கேட்கிறது.

வந்தவாசியில் ஒரு நல்ல இடம் வந்திருக்கிறது. பையனுக்குக் கூட்டுறவு வங்கியில் வேலை. ஒரே பிள்ளை. பையனின் அப்பா துரைக்கண்ணு கறாரான மனிதர். சொந்த ஊரில் நமக்கு என்ன மதிப்பு என்று விசாரிக்கிறார். அலமு போட்டோவைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். பிடித்திருக்கிறது என்று அர்த்தமாம்.

சங்கத்து விஷயம் மறக்கவில்லை. வேலையில் மூச்சு விட நேரமில்லை. ஆனால் ஒன்று யோசித்தேன் அக்கா. உன் பெயர் என்ன, என் பெயர் என்ன? ஒரே வீடு. கேடயம் மாட்டப்போவது அந்த ஒரே சுவரில்தானே?

தம்பி
அர்ஜுனன்


காஞ்சிபுரம்
2-2-74

அர்ஜுனனுக்கு. எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். நானும் இருக்கிறேன்.

ஒரே வீடுதான், ஒத்துக்கொள்கிறேன். பெருக்கிய கையும் ஒன்றுதானா?

நீ இல்லாதபோது நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். பஸ் போகிற வழியை மாற்றியதும் இந்தத் தெரு இருண்டது. ஒவ்வொரு கடையாகச் சாத்திவிட்டுப் போனார்கள். சாத்திய கடை வாசலெல்லாம் குப்பைமேடு. ஆம்பிளைகள் சுவரோரம் நின்று ஒதுங்குகிற இடமாகிவிட்டது. மருந்து வாங்க வருகிற பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள், அப்புறம் வருவதையே விட்டார்கள். எத்தனை பேரிடம் கெஞ்சினேன், எத்தனை பேரோடு சண்டை போட்டேன்! ஒருத்தனும் கேட்கவில்லை. ஒரு நாள் ஆத்திரத்தில் பக்கத்துக் கடை வாசலைக் கழுவிவிட்டுக் கோலம் போட்டேன். அன்றைக்கு அங்கே மட்டும் குப்பை விழவில்லை. கோலத்தின் மேல் கொட்டவோ ஒதுங்கவோ இந்த ஊரில் எவனுக்கும் மனசு வராது என்பது அப்போதுதான் உறைத்தது. மறுநாள் எதிர்ச்சாரி. அப்படியே தெரு முழுக்க.

சும்மா விட்டார்களா? "புருஷனோட வாழாதவ போட்ட கோலம், கடை எப்படித் தொறக்கும்?" என்று என் காதுபடச் சொன்னார்கள். அவன் செய்யாற்றில் இன்னொருத்தியோடு இருப்பதற்கு நான் என்ன செய்வேன்? அழுதுகொண்டே போட்டிருக்கிறேன். சுத்தமான இடம் என்று பூக்காரி கங்கையம்மாள் முதலில் வந்து உட்கார்ந்தாள். பூவுக்குப் பெண்கள் வந்தார்கள். பெண்கள் வந்ததும் வளையல்காரர் வந்தார். அப்புறந்தான் கடைக்காரர்களுக்குப் பூட்டுச் சாவி ஞாபகம் வந்தது. சங்கம் அதற்கும் அப்புறம். இன்றைக்கும் விடிவதற்குள் எல்லா வாசலிலும் என் கோலம் விழுந்துவிடுகிறது. ஒன்பது மணிக்கு வந்து அதை மிதித்துக்கொண்டு கடை திறக்கிறார்கள்.

எனக்கு வயிறு எரிகிறது அர்ஜுனா. நான் கேட்பது ஒரு வரி.

அக்கா


காஞ்சிபுரம்
15-3-74

தம்பிக்கு. நலம். பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? அதை மட்டுமாவது எழுது.

அக்கா


பிலாய்
28-3-74

அன்புள்ள அக்காவுக்கு, எல்லோரும் சுகமே. பதில் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. எப்படி எழுதுவது என்று மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன். இன்று எழுதிவிடுகிறேன்.

துரைக்கண்ணு ஊர் மதிப்பைக் கேட்டபோது, கடைத்தெருவே என்னால்தான் எழுந்து நிற்கிறது, அதற்கு விருது கொடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். வாய் தவறி வந்ததுதான். ஆனால் அவர் முகம் மலர்ந்துவிட்டது. விழாவுக்குக் குடும்பத்தோடு வருகிறேன், அங்கேயே பேசி முடித்துவிடலாம் என்கிறார். அலமு அந்தப் பையன் பெயரைச் சொன்னாலே உள்ளே ஓடிவிடுகிறாள். இனி எப்படி மாற்றிச் சொல்வேன்?

சங்கத்துக்கு எழுதினேன். விருதை ஏற்றுக்கொள்வதாக எழுதினேன்.

மே பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை விழா. நான் இரண்டு நாள் முன்னதாக வருகிறேன். பெண்ணுக்காகப் பொறுத்துக்கொள் அக்கா. உன்னைத் தவிர வேறு யாரிடம் கேட்பேன்?

அர்ஜுனன்


காஞ்சிபுரம்
6-4-74

அர்ஜுனனுக்கு. கடிதம் கிடைத்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு மதியச் சாப்பாடு சொல்லியாகிவிட்டது. வடை, பாயசம் உண்டு.

அக்கா


தந்தி
9-5-74

ரயில் வேலைநிறுத்தம். வர வழியில்லை. என் சார்பில் நீ வாங்கிக்கொள். அர்ஜுனன்.


காஞ்சிபுரம்
14-5-74

தம்பி அர்ஜுனனுக்கு. நீ நலமாக இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். இந்த ஊரில் எனக்கு மட்டுந்தான் தெரியும். ஏன் என்று சொல்கிறேன். ரயில் ஓடாததால் இந்தக் கடிதம் எப்போது வந்து சேருமோ.

உன் தந்தியை எடுத்துக்கொண்டு மாணிக்கவாசகத்திடம் ஓடினேன். உள்ளதைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷந்தான். உன் சார்பிலோ எவன் சார்பிலோ, மேடையில் நிற்கப்போவது நான். அவர் தந்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேடையில மாலை போடணும், பொன்னாடை போத்தணும். ஆம்பளைங்க எப்டிமா ஒரு பொம்பளைக்குப் போடறது? அதுவும்..." என்று நிறுத்திக்கொண்டார். அந்த 'அதுவும்' எனக்குத் தெரிந்ததுதான். "தம்பி போட்டோ இருக்குதா? அதக் குடுங்க. நாற்காலியில வெச்சி எல்லாத்தியும் முறைப்படி பண்ணிடறோம்" என்றார்.

கொடுத்தேன். கடையில் அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தேனே, கண்ணாடி போட்ட உன் படம், அதைத்தான்.

கல்யாண மண்டபம் நிறைந்த கூட்டம். முதல் விருது என்று உன் பெயரைக் கூப்பிட்டார்கள். நாற்காலியில் உன் படம். அதற்கு ஆள் உயர ரோஜா மாலை. பொன்னாடை. முன்னால் குத்துவிளக்கு. யாரோ ஒரு புண்ணியவான் ஊதுவத்தி வேறு கொளுத்தி வைத்தான். மண்டபத்தில் சத்தம் அடங்கிவிட்டது. பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த கங்கையம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். "எப்பம்மா போனாரு உன் தம்பி? பூ விக்கறவ எனுக்கு ஒரு வார்த்தை சொல்லலியே நீ!"

உன் சம்பந்தி துரைக்கண்ணு குடும்பம் அப்போதுதான் வாசலுக்கு வந்தது. மாலையைப் பார்த்தார்கள், விளக்கைப் பார்த்தார்கள். நான் எழுந்து போவதற்குள் காணோம். சாப்பாடு வீணாகிவிட்டது. வடையைக் கங்கையம்மாள் வீட்டுப் பிள்ளைகள் தின்றார்கள். நேற்று முழுக்கக் கடைக்குத் துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். உயிரோடு இருக்கிறான் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது.

மாலை போடுவார்கள் என்று உனக்குத் தெரியாதா அக்கா என்று நீ கேட்பாய். கேள், அப்புறம் சொல்கிறேன்.

அக்கா


பிலாய்
5-6-74

அக்காவுக்கு. உடம்பு நலந்தான், மனசு இல்லை. வந்தவாசியிலிருந்து பட்டம்மாளுக்கு அனுதாபக் கடிதம் வந்திருக்கிறது. பெண்ணின் அப்பா போனதை மறைத்து வரன் பேசியது நியாயமா என்று கேட்டிருக்கிறார்கள். கடிதத்தை வாங்கிப் பிரித்தவனே நான்தான். அலமு இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

உனக்குத் தெரியாதா அக்கா? படத்துக்கு மாலை போட்டால் ஊர் என்ன நினைக்கும் என்று உனக்கா தெரியாது? ஒரு வார்த்தை சொல்லித் தடுத்திருக்கக் கூடாதா? என் பெண்ணின் வாழ்க்கையோடா உன் கோபத்தைக் காட்டினாய்?

அர்ஜுனன்


காஞ்சிபுரம்
18-6-74

தம்பிக்கு. அலமுவைச் சாப்பிடச் சொல். வந்தவாசி விஷயம் நல்லபடியாக முடிந்தது.

தட்டில் பழமும் வெற்றிலையும் எடுத்துக்கொண்டு நானே பஸ் ஏறிப் போனேன். ஆள் கல்லுக்குண்டாக இருக்கிறான், ரயில் இல்லாததால் வரவில்லை என்று உன் தந்தியைக் காட்டினேன். துரைக்கண்ணு சிரித்துவிட்டார். அவர் சம்சாரம் தில்லையம்மாள் சிரிக்கவில்லை. அவள் கூர்மையானவள். "அவரு பிலாயில இருந்துக்கினு உங்க தெருவை எப்படிங்க சீர் பண்ணாரு?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

வாய் வரைக்கும் வந்தது அர்ஜுனா. நான் இத்தனை வருஷமாகக் காத்திருந்த கேள்வி அது. அலமு உள்ளே ஓடுவாள் என்று எழுதியிருந்தாயே, அது நினைவுக்கு வந்தது. "அவன் சொல்லுவான், நாங்க செய்வோம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லப்போவதில்லை. நவம்பரிலிருந்து நான் கேட்டதற்கு நீ சொன்னாயா?

வந்தவாசி போய்வந்த மறுநாளிலிருந்து கோலம் போடுவதை நிறுத்திவிட்டேன். நம் கடை வாசலில் மட்டும் போடுகிறேன். மாணிக்கவாசகம் வந்து நின்றார். "இன்னாம்மா, வாசலெல்லாம் குப்பையா கெடக்குது, கோலத்தக் காணோமே?" என்றார். "யாருக்கு விருது குடுத்தீங்களோ அவருக்கு எழுதிக் கேளுங்க சார்" என்றேன். கிண்டலுக்குச் சொன்னேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போகிறார்!

கேடயமும் பொன்னாடையும் தனிப் பார்சலில் வருகின்றன. சுக்குப் பொடியும் உள்ளே இருக்கிறது.

அக்கா


பிலாய்
7-7-74

அன்புள்ள அக்காவுக்கு அர்ஜுனனின் வணக்கம். அலமு சாப்பிடுகிறாள். உன் மூட்டு வலிக்கு இங்கே ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன்.

மாணிக்கவாசகம் எனக்கு எழுதியேவிட்டார். "தங்களால் நாள்தோறும் போடப்பட்டு வந்த கோலங்கள் நின்றுவிட்டபடியால் தெருவில் குப்பை சேர்கிறது. விருது பெற்றவர் என்ற முறையில் தாங்கள் ஆவன செய்ய வேண்டுகிறோம்." சங்கத்து முத்திரையோடு வந்திருக்கிறது. படித்துச் சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை. பட்டம்மாள் கேடயத்தைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டுவிட்டாள். "உங்களுக்கு ஒரு புள்ளிக் கோலமாச்சும் போடத் தெரியுமா?" என்று கேட்டாள்.

வந்தவாசியில் நீ சொன்னதையும் அவளிடம் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்த அலமு எழுந்து வந்தாள். "அத்தை பேரைச் சொல்லக் கூடாத வீட்டுக்கு நான் போகலப்பா" என்றாள்.

இன்று இரண்டு கடிதம் எழுதிப் போட்டேன். ஒன்று சங்கத்துக்கு, ஒன்று வந்தவாசிக்கு. இரண்டிலும் ஒரே சங்கதி. அந்தத் தெருவுக்காக நான் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட்டதில்லை, எல்லாம் என் அக்கா பெரியநாயகி செய்தது. நவம்பரில் நீ கேட்ட அந்த ஒரு வரி இதுதான். வரன் போனால் போகட்டும் என்று எழுத ஆசை. போகக் கூடாது என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது.

உன் தம்பி
அர்ஜுனன்


காஞ்சிபுரம்
22-7-74

அன்புத் தம்பி அர்ஜுனனுக்கு. நலமாக இருக்கிறேன். நீங்கள் மூவரும் நலந்தானே?

உன் கடிதத்தை மாணிக்கவாசகம் படித்தார். "குடுத்த விருதைத் திருப்பி வாங்க சட்டத்துல எடமில்லம்மா. அடுத்த வருசம் பாக்கலாம்" என்று மேசைக்குள் வைத்துச் சாத்திவிட்டார். நான் இத்தனை மாதம் காத்திருந்ததற்கு அவ்வளவுதான். கோலம் எப்போது போடுவீர்கள் என்று நான் கிளம்பும்போது கேட்கிறார். அடுத்த வருசம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நேற்று தில்லையம்மாள் தனியாகப் பஸ் ஏறி வந்தாள். தெருவைக் கோடிக்குக் கோடி நடந்து பார்த்தாள். குப்பையாகக் கிடந்த வாசல்களையும் பார்த்தாள், நம் வாசலையும் பார்த்தாள். கடைக்குள் வந்து உட்கார்ந்தாள். பைக்குள்ளிருந்து ஒரு பேனாவை எடுத்தாள்.

"நிச்சயப் பத்திரிகையில அத்தை பேரு மொதல்ல வரணும். எங்க ஊட்டுக்காரரு உங்க தம்பி கடுதாசியை எங்கியோ வெச்சிட்டாரு, பேரு மறந்துபோச்சி. உங்க பேரு இன்னாங்க?" என்று கேட்டாள்.

சட்டென்று எனக்குச் சொல்ல வரவில்லை அர்ஜுனா. வாசலில் பூக் கட்டிக்கொண்டிருந்த கங்கையம்மாள் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "அட, ஆமா! உன் பேரு இன்னாம்மா? இத்தினி வருசம் பக்கத்துலயே குந்திக்கினு இருக்கறன், நானும் கேக்கவே இல்லியே!" என்றாள்.

இரண்டு பேருக்கும் சேர்த்துச் சத்தமாகச் சொன்னேன்.

அலமுவுக்கு என் ஆசி.

இப்படிக்கு
பெரியநாயகி